ஊசியின் எடை

முதலில் வந்தது இரைச்சல்தான். மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரே சீராக. கண்ணை மூடிக்கொண்டு கோதண்டம் காத்திருந்தார். அதற்குள்ளிருந்து மெதுவாக ஒரு பெண் குரல் வந்தது, ‘ச’ வருகிற இடமெல்லாம் கிழிந்து கிழிந்து.

கண்ணைத் திறந்தார். குமிழைத் திருகினார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி திருகினார்.

எதிர் மேஜையில் ஜெரினா ஓர் இசைத்தட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ரெக்கார்ட் பிளேயர் ரிப்பேரில் அவருக்கு அவள்தான் குரு. பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அவர் கூப்பிடுவது மாஸ்டர் என்றுதான். ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி வேலை முடித்து, தூங்க வேண்டிய பகலில் அவள் கடைக்கு வந்து தொழில் பழகுகிறார். தன்னிடம் இருக்கும் ஒரே ஒரு தட்டை வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வரவில்லை.

பள்ளிக்கூடப் பாட்டுக்குழு எப்போதோ போட்ட தட்டு. அதில் நாலு வரியைத் தனியாகப் பாடியவள் வேதவல்லி, அவர் மனைவி. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் குரல் வெறும் காற்றாகிவிட்டது. தினம் கொஞ்சம் பேசிப் பழகினால் தேறும், பேசாமலே விட்டால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. வேதவல்லி. கட் செய்துவிட்டு, ‘பேசாதே, மெசேஜ் போடு’ என்று அனுப்பினார்.

ஜெரினா அதைப் பார்த்தாள். “மில்லை எப்ப நிறுத்தப்போறீங்க அண்ணே? வாசல்ல யாராவது கோதுமையோட வந்து நிக்கப்போறாங்க.”

பாட்டு எடுபடவில்லை, அதனால்தான் ப்ரீஆம்ப்பைக் கடைசி வரை ஏற்றினேன் என்றார். ஊசி தரும் பொடிச் சத்தத்தைப் பெரிதாக்குகிற சின்னப் பெட்டி அது. ஜெரினா வந்து அதைப் பாதிக்கு இறக்கினாள். இரைச்சல் அடங்கியது. குரல் கிழிவது நிற்கவில்லை.

“பெட்டியைத் திட்டி என்ன பண்ண? கிழிசலைக் கொடுத்தா கிழிசலைத்தான் ஏத்திக் கொடுக்கும்.”

விரல் நீளத் தராசு ஒன்றை ஊசிக்கு அடியில் வைத்தாள். ஒரு கிராம் காட்டியது. ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் கேட்பது இரண்டு.

தெரிந்துதான் குறைத்ததாகச் சொன்னார் கோதண்டம். “தட்டு தேஞ்சுடக் கூடாதில்ல மாஸ்டர். பூ மாதிரி வச்சிருக்கேன்.”

அவள் விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். வேதவல்லி தனியாகப் பாடுகிற இடத்தில் ஊசி ஓடும் கறுப்புப் பள்ளங்களின் ஓரம் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது.

“இது நான் பண்ணினதா?”

“எடை பத்தலைன்னா ஊசி பள்ளத்துல உக்காராது அண்ணே. குதிக்கும். விழுற இடமெல்லாம் அடி.”

 போன குரல் திரும்புமா என்று கேட்டார். போனது போனதுதான், மிச்சம் இருக்கிறது என்றாள். கார்ட்ரிட்ஜின் தலையை நேராக்கி, அதைத் தாங்கும் நீளக் கம்பியின் வால்பக்கத்து எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இரண்டுக்குக் கொண்டுவந்தாள். ஊசியை இறக்கினாள்.

நாலு வரி. அங்கங்கே சொரசொரப்பு. ஆனாலும் ஒரு பெண் நின்று பாடினாள். மூன்றாவது வரிக்கு முன்னால் மூச்சு இழுத்தாள். அப்படி ஒரு மூச்சு அங்கே இருந்ததே இத்தனை நாள் அவருக்குத் தெரியாது.

ஜெரினா ஊசியைத் தூக்கினாள். கோதண்டத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் வரை போய்த் திரும்பினார்.

“ரெண்டு கிராம் வச்சா தேயாதா மாஸ்டர்?”

“தேயும்.”

மறுபடி போன் அடித்தது. கட் செய்யப்போன விரல் பாதியில் நின்றது.

“பேசினா அவளுக்கு வலிக்கும்.”

“வலிக்கும் அண்ணே,” என்றாள் ஜெரினா.

எடுத்தார். அந்தப் பக்கம் காற்று மட்டும் உரசியது. வேதவல்லி சொல்ல வந்ததை வழக்கம்போலத் தானே சொல்லி முடிக்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

ஜெரினா ஈரத்துணியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.