பதினேழாம் குறை

குளத்தின்மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. எல்லாக் கூடும் ஒரே அச்சு. மேலே முடிச்சு, நடுவே குடம், கீழே நீளமாய்க் குழாய் வாசல். நார் மட்டும்தான் அவரவர் கொண்டுவந்தது.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்க்கரை இலுப்பைமரத்து மரங்கொத்தி கொண்டையன் வந்து தட்டிப் பார்த்து, "சரி!" என்று சொன்னால்தான் கூட்டுக்குக் குடிபோகலாம். இரண்டு தட்டு போதும், எந்த நார் இற்றிருக்கிறது என்று அவன் காதுக்குத் தெரிந்துவிடும். கெட்டிக்காரன்தான். ஆனால் வாயைத் திறந்தால் வெறும் எண்தான் வரும்!

தவமணிக் குருவிக்கு வயிற்றில் முட்டை கனத்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக்காரன் நாரப்பன் மூன்றாவது கூட்டைக் கட்டி முடித்துவிட்டு மூச்சு வாங்கினான்.

கொண்டையன் வந்தான். டொக், டொக்!

"பதினேழாம் குறை!" என்றான். கிளம்பிவிட்டான்.

"பதினேழுன்னா என்னண்ணே?" என்று தவமணி கத்தினாள்.

"பதினேழுன்னா பதினேழுதான்! எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். அது தெரியாதவன் ஏன் கூடு கட்ட வர்றான்?"

நாரப்பன் பாவம், என்ன செய்வான்? எது குறை என்று தெரியாவிட்டால் எல்லாமே குறையாகத்தானே தெரியும்! இதே பதினேழுக்காக முதல் இரண்டு கூட்டையும் முழுசாகப் பிரித்துக் குளத்தில் போட்டவன், இதற்கும் மூக்கை நீட்டினான்.

பக்கத்து ஓலைக் குருவி சிரித்தது. "ஏ நாரப்பா! கூடு கட்டுறியா, இல்ல குளத்துக்குப் பாய் விரிக்கிறியா?"

"நல்லாச் சிரி! நாளைக்கு உன் கூட்டைத்தான் தட்ட வர்றாரு!" என்றாள் தவமணி. சிரிப்பு பட்டென்று நின்றது.

அவள் நாரப்பன் பக்கம் திரும்பினாள். "ஒரு நாரைக்கூடத் தொடாதீங்க! நாலாவது கூட்டுக்கு என் வயிறு காத்திருக்காது. நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்!"

எதிர்க்கரையில் கொண்டையன் ஒரு கிளையில் குனிந்து எறும்பு கொத்திக்கொண்டிருந்தான். பின்னால், பொந்திலிருந்து அவன் குஞ்சுகள் மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தன. பறந்து வந்த தவமணி கீழே பார்த்தாள். அடிமரத்தில் ஒரு பாம்பு சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது!

"கொண்டையண்ணே! பாம்பு! உங்க பொந்துக்கு ஒரு முழம் கீழ! குளத்துப் பக்கமா ஏறுது! மேலேர்ந்து பாஞ்சு தலையில கொத்துங்க!"

கொண்டையன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பாய்ந்தான். உச்சந்தலையில் ஒரே கொத்து! தொபுக்கடீர் என்று பாம்பு குளத்தில் விழுந்து, மிதந்த புல்லோடு புல்லாக நீந்தி ஓடியது.

"நல்லவேளை சொன்னே தாயி!" என்றான் கொண்டையன்.

"நான் ‘ஒன்பதாம் ஆபத்து’ன்னு மட்டும் கத்தியிருந்தா என்னண்ணே செஞ்சிருப்பீங்க?"

"ஒன்பதுன்னா என்னன்னு யோசிச்சுக்கிட்டு நின்னிருப்பேன். அதுக்குள்ள..." அவன் குஞ்சுகளைப் பார்த்தான். நிமிர்ந்து நின்ற கொண்டை மெல்லச் சரிந்தது.

"வா, தாயி" என்று சொல்லி அவனே முன்னால் பறந்தான்.

டொக், டொக்! "நாரப்பா, இங்க பாரு. குடமும் குழாயும் சேர்ற இடம், உள்பக்கம். ரெண்டு நார் காஞ்சது. குழாய் ஆடினா அறுந்துரும். அதை உருவிட்டுப் பச்சை நார் ரெண்டு கோத்துடு. அவ்வளவுதான்."

"அடக் கடவுளே! நீளமா இருக்கேன்னு மூணு தடவையும் காஞ்ச நாரைத்தானே அங்க வச்சேன்! இந்த ரெண்டு நாருக்கா ரெண்டு கூட்டைக் குளத்துல போட்டேன்?"

கண்மூடித் திறப்பதற்குள் பச்சை நார் ஏறிவிட்டது. "சரி!" என்றான் கொண்டையன்.

அன்று மாலையே மழை கொட்டியது. கூடு ஊஞ்சலாக ஆடியது. ஒரு நார்கூட அறுந்துபோகவில்லை. உள்ளே தவமணி இரண்டு முட்டைகளின்மேல் கதகதப்பாக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பக்கத்து ஓலையில் கொண்டையன் குரல் கேட்டது. "மேல் முடிச்சு, இடது பக்கம், ஒரு சுத்து குறையுது! பயப்படாதே, இன்னொரு சுத்து சுத்திடு! எப்படின்னு காட்டட்டுமா? அது வந்து..."

இப்போது அவன் வாயை மூடவைப்பதுதான் பெரும்பாடு!

‘தப்பு’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எங்கே தப்பு, எப்படித் திருத்துவது என்றும் சொல்வதே உதவி.