தளவாய்க்குச் சோறு போட்ட கம்ப்யூட்டர்

மாவலூர் ராஜாவுக்கு யானை இருந்தது, சேனை இருந்தது, கோட்டை வாசலில் சொந்தமாக ஒரு ஹோட்டலும் இருந்தது. ராஜாவுக்கு எதற்கு ஹோட்டல், அந்தக் காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மற்றவர்கள் கேளுங்கள்.

அந்த ஹோட்டலின் தலைமை சப்ளையர் மாசிலாமணி. எந்த மேஜைக்கு முறுகல் தோசை, எந்த மேஜைக்கு வெங்காயம் போடாத ஊத்தப்பம் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று பார்த்து, ரவா தோசை கேட்ட ராஜாவின் மாமனாருக்குப் பூரி போய்விட்டது. மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ராஜா பதறிப்போய், ஆர்டர் எடுக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லி உத்தரவு போட்டார். நல்லதாகப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு சபை வித்துவான் வாஞ்சியப்பனுக்கு வந்தது.

சபைக்கு இரண்டு பேர் கம்ப்யூட்டரோடு வந்தார்கள். முதலில் வந்தவள் செண்பகம். அவள் கொண்டுவந்தது கைக்கடக்கமான ஒரு பெட்டி.

"சப்ளையர் இதில் தட்டினால் அடுப்படியில் சீட்டு வரும், மகாராஜா. கரண்ட் போனாலும் வேலை செய்யும். மாற்றிச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்."

"அப்புறம்?" என்றார் ராஜா.

"அவ்வளவுதான்."

ராஜாவின் முகம் விழுந்துவிட்டது. வாஞ்சியப்பனுக்கு அந்தப் பெட்டி பிடித்திருந்தது. ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் சேனைத் தலைவரான தளவாய் திருமேனியார் தன் மச்சினன் கோதண்டத்தை முன்னே தள்ளினார்.

கோதண்டம் கொண்டுவந்த திரை கதவளவு இருந்தது. தொட்டால் மேளம் கொட்டியது. அதற்குள் ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கி ராஜாவுக்கு சலாம் போட்டது.

"சப்ளையரே தேவையில்லை, மகாராஜா! சாப்பிட வருகிறவரே தொட்டுக்கொள்வார். தப்பே நடக்காது!"

ராஜா யானையைப் பார்த்ததோடு சரி, மற்ற எதையும் பார்க்கவில்லை. தளவாய் சூட்டோடு சூடாக ஓலை எழுதி நீட்டினார். 'யார் என்ன கேட்டார், யார் சாப்பிட்டு முடித்தார் என்பதில் கம்ப்யூட்டர் சொன்னதே முடிவு. அது சொல்லாமல் யாருக்கும் இலை போடக் கூடாது. சப்ளையர்கள் வீட்டுக்குப் போகலாம்.' ராஜா முத்திரை குத்திவிட்டார்.

வாஞ்சியப்பன் வெளியே வந்தபோது, காய்ச்சல் தேறியிருந்த மாசிலாமணி அங்கே தூணோடு தூணாக நின்றார். "பதினெட்டு வருஷமா இந்த ஹோட்டலுக்கு என் தலைதாங்க கம்ப்யூட்டர். இனிமே இதைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது?"

அதைக் கேட்ட வாஞ்சியப்பன் அங்கே நிற்கவில்லை. திரும்பி உள்ளே போனான்.

"அரசே, ஒரே ஒரு சோதனை. வருகிற துவாதசி காலையில் தாங்களும் தளவாயும் இதில் ஆர்டர் செய்து சாப்பிட வேண்டும். இது தேறிவிட்டால் சப்ளையர்களோடு நானும் ஊரைவிட்டுப் போகிறேன்."

"போகும்போது குடை எடுத்துக்கொள்ளும். மழைக்காலம்" என்றார் தளவாய்.

மாவலூரில் ஏகாதசியன்று ராஜாவும் தளவாயும் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். மறுநாள் துவாதசி விடிந்ததும் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் சுண்டைக்காய் வறுவலுமாய்ச் சாப்பிட்டுத்தான் விரதத்தை முடிப்பார்கள். சாப்பிட்ட வயிற்றோடு பார்த்தால் எந்தக் கம்ப்யூட்டரும் அழகாகத்தான் இருக்கும் என்று வாஞ்சியப்பனுக்குத் தெரியும்.

துவாதசி விடிந்தது. கோதண்டம் ஹோட்டலில் நிறுத்தியிருந்த இரண்டு திரைகளின்முன் இருவரும் வாடிய முகத்தோடு ஆளுக்கொன்றாக உட்கார்ந்தார்கள். மேளம் கொட்டியது. யானை சலாம் போட்டது. ராஜா இந்த முறை யானையை ரசிக்கவில்லை.

'தங்கள் பெயர்?' என்றது திரை. ராஜா தன் பட்டங்களோடு பெயரைத் தட்டினார். 'பெயர் நீளம். சுருக்கவும்' என்றது.

"என்னையா சுருக்கச் சொல்கிறது?"

"பட்டத்தை விட்டுவிடுங்கள், மகாராஜா" என்று கோதண்டம் கெஞ்சினான். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு பட்டங்களை அழித்தார்.

'இன்று தங்கள் மனநிலை எப்படி?' என்றது திரை. ராஜா அதைத் தாண்டி அகத்திக்கீரையைத் தேடிப் பிடித்துத் தொட்டார். 'இதைக் கேட்டவர்கள் கொத்துப் பரோட்டாவும் கேட்டார்கள். தங்களுக்கும் வேண்டுமா?'

"துவாதசியன்று பரோட்டாவா! சிவ சிவா!"

பக்கத்தில் தளவாய்க்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெயரைத் தட்டியதற்குமேல் அவருக்கு எதையும் படிக்கப் பொறுமை இல்லை. பச்சையாகத் தெரிந்த பொத்தானையெல்லாம் மடமடவென்று அமுக்கினார். டிங் என்று மணி அடித்தது. திரையில் எழுத்து வந்தது: 'தளவாய் திருமேனியார் திருப்தியாகச் சாப்பிட்டு முடித்தார். நன்றி! நட்சத்திரம் தருக.'

ராஜாவால் அதற்குமேல் முடியவில்லை. "யானையும் வேண்டாம், பூனையும் வேண்டாம். அடேய், யாராவது எனக்குச் சோறு போடுங்களடா!"

ஓலையைவிட ராஜாவின் வாய்வார்த்தை பெரிது. வாஞ்சியப்பன் கண்ணைக் காட்டினான். மாசிலாமணி இலையோடு வந்து கீரையும் சோறும் பரிமாறினார். கேட்பதற்கு முன்பே ராஜாவுக்குப் பிடித்த சுண்டைக்காயை இரண்டாம் கரண்டி வைத்தார். ராஜாவின் உயிர் திரும்பியது.

"எனக்கும் ஒரு இலை!" என்று தளவாய் அலறினார்.

வாஞ்சியப்பன் கைகட்டி நின்றான். "தாங்கள்தான் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டீர்களே."

"எங்கே சாப்பிட்டேன்?"

"கம்ப்யூட்டர் சொல்கிறது. அது சொன்னதே முடிவு. ஓலை தங்கள் கையெழுத்து. வேண்டுமானால் ஏப்பம் விட்டுக்கொள்ளுங்கள்."

தளவாய் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான். நெய் வாசனை மூக்கைத் துளைத்தது.

"பொய்! பச்சைப் பொய்! இந்தக் கம்ப்யூட்டர் உதவாக்கரை! இதைத் தூக்கித் தெருவில் போடுங்கள்! எனக்குச் சோறு போடுங்கள்!"

"கேட்டீர்களா, அரசே? தீர்ப்பைத் தளவாயே சொல்லிவிட்டார்" என்றான் வாஞ்சியப்பன்.

ராஜா ஓலையைக் கிழித்தார். செண்பகத்தின் பெட்டியை வாங்கவும், அதை மாசிலாமணி கையில் கொடுக்கவும் உத்தரவாயிற்று. மாசிலாமணி தளவாய்க்கும் இலை போட்டார்.

கோதண்டம் தளவாயின் முன்னிருந்த திரையைக் கழற்றிக் கட்டப் போனான். "கொஞ்சம் பொறு" என்று சொல்லி வாஞ்சியப்பன் அதில் ஐந்து நட்சத்திரத்தையும் அமுக்கினான்.

"உதவாக்கரைக்கு எதற்கடா ஐந்து நட்சத்திரம்?" என்றார் ராஜா.

"தளவாய் வாயிலிருந்து ஓர் உண்மையை வரவழைத்திருக்கிறதே, அரசே! இத்தனை வருஷத்தில் நம்மில் யாராலும் முடியாத காரியம்."

ராஜா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறியது. தளவாயின் வாய் நிறையச் சோறு. அதனால் அவர் மறுத்துப் பேசவில்லை.