மழையா, மயிலா?

கோரைக்குளத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கமிட்டித் தலைவர் தேர்தல் வந்த சமயத்தில்தான் நாச்சி என்ற நாமக்கோழி ஊர் திரும்பியது.

கரி போன்ற உடம்பு. நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். பின்னால் ஒரே ஒரு குஞ்சு நீந்தி வந்தது. குளம் வற்றிப்போன ஒரு கோடையில் தாய் தகப்பனோடு பறந்து போன நாச்சி, பாதி வயசைக் கழித்துவிட்டு இப்போதுதான் வருகிறது.

முதலில் கண்ணில் பட்டது கரையோரத்து மருத மரம். அதன் நிழலில்தான் பள்ளிக்கூடம். பாதி தண்ணீரிலும் பாதி தரையிலுமாகச் சாய்ந்து கிடந்த அதே அடிமரம்தான் இன்னும் பெஞ்சு! தண்ணீர்ப் பிள்ளைகள் ஈரப் பக்கம் உட்காரும். தரைப் பிள்ளைகள் காய்ந்த பக்கம். மதியம் மட்டும் எல்லாம் கலந்து உட்கார வேண்டும். அது 'பக்கத்து வீட்டுப் பேச்சு' வகுப்பு. மைனாவுக்குப் பக்கத்தில் தவளை, கீரிக்குப் பக்கத்தில் ஆமை. உன் பேச்சை நான் படிக்க வேண்டும், என் பேச்சை நீ படிக்க வேண்டும்.

வெயிலில் பாசி காயும் வாசனை வந்தது. நாச்சி நீந்துவதை நிறுத்திவிட்டு அப்படியே மிதந்தது.

"அடியே, நாச்சியா?" தாமரை இலைமேல் இருந்து ஒரு தவளை குதித்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பாவாயி! "வெளியூர்த் தண்ணி குடிச்சு வெளுத்துட்டியேடி!"

"நெத்தி மட்டும்தான்டி வெளுப்பு, அது பிறந்தப்பவே இருந்தது! உன் கழுத்து எங்கடி போச்சு?"

"எனக்கு என்னைக்குக் கழுத்து இருந்தது?"

இரண்டும் சிரித்தன. பாவாயி குஞ்சைப் பார்த்தது. "ஒண்ணுதானா?"

நாச்சி சிரிப்பை நிறுத்தியது. "மூத்தது ஒண்ணு இருந்தது. அந்தப் பெரிய ஏரியில பக்கத்துல இருந்தவங்க ஏதோ கத்தினாங்க. என்ன கத்துறாங்கன்னு எனக்குப் புரியலே. புரிஞ்சப்போ பாம்பு வந்துட்டுப் போயிருந்தது. இவனையாவது நம்ம மதிய வகுப்புல உட்கார வச்சிடணும் பாவாயி. அதுக்குத்தான் வந்தேன்."

பாவாயி தலையைக் குனிந்துகொண்டது. "வகுப்பு இருந்தாத்தானே!"

அன்று மாலை மயில் கூட்டம் போட்டது. அதுதான் தேர்தலில் நின்றது. மதிய வகுப்பு வேண்டும் என்று எதிரே நின்றது அணிலக்கா.

"பெற்றோர்களே! தவளையோட உட்கார்ந்து கொர் கொர்னு கத்துறதுக்கா பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புறீங்க? நான் ஜெயிச்சா மதிய வகுப்புக்கு மூடுவிழா! எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பேச்சு, மயில் பேச்சு! அகவத் தெரிஞ்ச பிள்ளைக்குப் பெரிய காட்டுல ராஜ வாழ்க்கை!"

"ஆகா!" என்றது மைனா. "நாங்க படிச்ச தவளைப் பேச்சு எதுக்கு உதவிச்சு? அன்னைக்கே மறந்துபோச்சு!"

"எனக்கும் மறந்துபோச்சு!" என்றது கீரி.

நாச்சியால் பொறுக்க முடியவில்லை. "நான் பெரிய ஏரியெல்லாம் பார்த்துட்டு வர்றேன். அங்கே அகவினா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க!"

மயில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. "யாரது? குளம் வத்தினப்போ ஓடினவங்க, தண்ணி வந்ததும் புத்தி சொல்ல வந்துட்டாங்களா? ஒரு மழைக்காலம் இங்கே இருந்தாத்தான் ஓட்டு. போம்மா!"

கூட்டம் சிரித்தது. நாச்சி குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது.

கோரைக்குளத்தில் ஓட்டுப் போடுவது குரலால்தான். நடுக்குளத்தில் எருமைப் பெரியவர் படுத்துக்கொண்டு பெயரைக் கூப்பிடுவார். வேண்டியவர்கள் குரல் கொடுக்க வேண்டும். எந்தப் பெயருக்குச் சத்தம் பெரிதோ, அவருக்கு வெற்றி. எருமைப் பெரியவர் நேர்மையானவர். பள்ளிக்கூடப் பக்கம் மட்டும் போனதில்லை. பிறந்ததிலிருந்து தவளைகளோடு ஒரே தண்ணீரில் கிடந்தும் தவளைப் பேச்சில் ஒரு சொல் தெரியாது.

தேர்தல் நாளன்று நல்ல வெயில். மயில் மேற்கே ஒரு தடவை பார்த்தது. மேகம் வருவது மயிலுக்குத் தெரிகிற மாதிரி யாருக்குத் தெரியும்?

"முதல்ல அணிலக்கா பேரைக் கூப்பிடுங்க. பெண்களுக்கு முதல் மரியாதை!" என்றது.

"அணிலக்கா!" என்றார் எருமைப் பெரியவர்.

அணில்கள் கீச்சிட்டன. ஆமைகள் முதுகு ஓட்டைத் தட்டின. தவளைகளும் கத்தின. ஆனால் வெயிலில் தவளைக்குத் தொண்டை எழும்புமா? சத்தம் சுமாராகத்தான் வந்தது.

"அடுத்து..."

"ஒரு நிமிஷம்! ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்!" என்று மயில் ஆரம்பித்தது. குளத்தைப் புகழ்ந்தது. கரையைப் புகழ்ந்தது. எருமைப் பெரியவரின் கொம்பைக்கூடப் புகழ்ந்தது. வானம் இருட்டும் வரை பேசியது. முதல் துளி மூக்கில் விழுந்ததும், "இப்போ கூப்பிடலாம்" என்றது.

"மயில்!"

மைனாக்களும் கீரிகளும் குரல் கொடுத்த அதே நொடியில் மழை கொட்டியது. குளத்தின் நாலு பக்கமும் அதிரத் தவளைகள் கத்தின. கரை நடுங்கியது!

எருமைப் பெரியவர் காதை ஆட்டினார். "அடேயப்பா! மயில், மயில்னு தவளைகளே கத்துதே! மயில் ஜெயிச்சாச்சு!"

"ஐயா, இல்லை!" நாச்சி நடுக்குளத்துக்குப் பாய்ந்தது. "அது ஓட்டே இல்லை! அவங்க 'மயில்'னு கத்தலே, 'மழை'ன்னு கத்துறாங்க!"

தவளைப் பேச்சில் சொல்லின் தலைதான் வெளியே வரும், வால் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடும். பழகாத காதுக்கு மழையும் மயிலும் ஒன்றுதான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பாவாயியின் தொண்டையில் காதை வைத்து நாச்சி கற்றுக்கொண்டது அதைத்தான்.

"இது ஓட்டில்லாத கோழி!" மயில் சீறியது. "தவளைப் பேச்சுல எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. இங்கே யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது!" என்றது மைனா.

"தெரியாது!" என்றது கீரி.

"நாங்க மழைன்னுதான் சொன்னோம்!" என்று பாவாயி தரைப் பேச்சில் கத்தியது.

"தவளைக்குத் தவளையே சாட்சியா?" என்று மயில் கேலி செய்தது.

எருமைப் பெரியவர் தலையை அசைத்தார். "சாட்சி இல்லாம நான் என்னம்மா பண்ண முடியும்?"

நாச்சி குஞ்சைப் பார்த்தது. பிறகு அலகைத் தண்ணீரில் நுழைத்துப் பாவாயியிடம் ஏதோ சொன்னது. பாவாயி தொண்டையை ஊதிப் பெரிதாக்கி ஒரே ஒரு குரல் கொடுத்தது.

"கொர்ர்ர்!"

அவ்வளவுதான். மயில் ஒரு அலறல் அலறி, நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு தன் குஞ்சுகளிடம் ஓடியது. மைனா பறந்துபோய்க் கூட்டைச் சிறகால் மூடியது. கீரி குட்டிகளைக் கவ்விக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. கரையில் இருந்த பெரியவர்களில் ஓடாதவர் ஒருவரும் இல்லை. சின்னதுகள்தான் ஒன்றும் புரியாமல் விழித்தன.

"அம்மா, அந்தத் தவளை என்ன சொல்லிச்சு?" என்று கேட்டது மைனாக் குஞ்சு.

மைனா தயங்கியது. "நரி வருதுன்னு சொல்லிச்சு."

"உனக்குத்தான் தவளைப் பேச்சு மறந்துபோச்சே!"

எருமைப் பெரியவர் மயிலைப் பார்த்தார். "ஒரு எழுத்துக்கூடத் தெரியாதுன்னீங்களே? அப்புறம் எதுக்கு ஓடினீங்க?"

மயில் தோகையை உதறுவதுபோல் திரும்பிக்கொண்டது.

"நரி வரலே. பொய் சொல்லச் சொன்னது நான்தான், மன்னிச்சிருங்க" என்றது நாச்சி. "ஆனா வந்திருந்தா உங்க பிள்ளைங்க பிழைச்சிருக்கும். நீங்க அன்னைக்கு உட்கார்ந்த பெஞ்சு இன்னைக்குக் காப்பாத்தியிருக்கும். என் மூத்ததுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

கீரிதான் முதலில் புதருக்குள்ளிருந்து சொன்னது. "என் பக்கத்துல ஒரு ஆமை உட்காரும். நான் வாலை ஆட்டினா ஓட்டுக்குள்ள போயிடும். வெளியே வரச் சொல்லிக் கெஞ்சுறதுக்குத்தான் ஆமைப் பேச்சே கத்துக்கிட்டேன்."

"நானும் என் தவளையும் வகுப்புல பேசினதுக்கு நாள் முழுக்க வெயில்ல நின்னோம்" என்றது மைனா. "வெளியே நின்னும் பேச்சை விடலே!"

மயில் தோகையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. "எனக்குப் பக்கத்துல ஒரு தேரை" என்றது மெதுவாக. "நான் தோகை இல்லாம மொட்டையா இருந்த வயசு. என்னைப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்க. அது மட்டும் சிரிக்காது."

மழை விட்டதும் மறுபடி ஓட்டு நடந்தது. அணிலக்கா பெயருக்கு எழும்பிய சத்தத்தில் கொக்குகள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன. மயில் பெயரைக் கூப்பிட்டபோது மயிலே குரல் கொடுக்கவில்லை.

மறுநாள் மதியம் நாச்சி குஞ்சைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது. பெஞ்சின் ஈரப் பக்கத்தில் பாவாயியின் மகன். அதற்குப் பக்கத்தில் மயிலின் கடைக்குட்டி. நடுவில் இருந்த இடத்தில் குஞ்சு ஏறி உட்கார்ந்தது. பழைய ஆசையில் நாச்சியும் ஒரு காலை மரத்தின்மேல் எடுத்து வைத்தது.

"அம்மா, இடம் இல்லை! நீ போ!" என்றது குஞ்சு.

நாச்சி காலை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குத் திரும்பியது. பின்னால் யாரோ ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னார்கள். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. தன் குஞ்சின் சிரிப்பு எது என்று அந்தக் கூச்சலில் நாச்சிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆகையால் பிள்ளைகளே, பெரியவர்களே, நாம் படித்த பாடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லும் முன், இன்றுவரை நாம் அதை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.