கேரியரில் ஏறிய மாப்பிள்ளை

மதுரைப் பக்கம் கோணக்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு நல்லவர்கள்.

அந்த ஊர் வீரணனுக்கு முப்பத்தாறு வயதில் சென்னையில் ஒரு பெண் அமைந்தது. ஏற்கெனவே நாலு இடம் தட்டிப்போனவன். இதுவும் போனால் இனி எவரும் பெண் தரமாட்டார்கள் என்று அவனுக்கே தெரியும். போட்டோ வந்ததிலிருந்து பாவம், சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். பெண்ணின் அப்பா முதல் நாளே போனில் விளக்கமாகச் சொல்லிவிட்டார். ரோட்டில் நானூற்று அறுபது கிலோமீட்டர், எட்டு மணி நேரம் ஆகும். ஆகாயத்தில் நானூற்று இருபதுதான், ஒன்றேகால் மணி நேரம் போதும். எப்படி வந்தாலும் சரி, நாலரைக்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். அதன்பிறகு ராகுகாலம். தவறினால் இந்தச் சம்பந்தமே வேண்டாம்.

காலை ஏழு மணிக்கே வேன் வந்து நின்றது. அப்போதே கிளம்பியிருந்தால் மூன்று மணிக்குச் சென்னை. ஆனால் தாய்மாமன் ஒச்சப்பன் வேனை இரண்டு தரம் சுற்றிவந்து யோசித்தார்.

“உள்ள உக்காந்தாத்தான ரோடு? மேல கேரியர்ல உக்காந்தா அது ஆகாயந்தான?”

எல்லோரும் ஆமாமென்று தலையாட்டினார்கள். சித்தப்பா மொக்கச்சாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“அப்ப வீரணன் எட்டேகாலுக்கே போய் எறங்கிருவானே மச்சான். சாயங்காலம் வரைக்கும் பொண்ணு வீட்டுல தனியா என்னத்தப் பேசுவான்?”

அவ்வளவு நேரம் தன்னால் முடியாது என்றான் வீரணன். ஆகவே இரண்டரைக்குக் கிளம்பி மூன்றேமுக்காலுக்குப் போய்ச் சேருவது என்று முடிவாயிற்று. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லோரும் ஒரு தூக்கமும் போட்டார்கள்.

இரண்டரைக்கு வீரணனைப் பட்டு வேட்டியோடு கேரியரில் ஏற்றி, மடியில் பூத்தட்டைக் கொடுத்தார்கள். மொக்கச்சாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். உள்ளே போகிற ஆறு பேரும் வந்துசேரப் பத்தரை ஆகும், சாப்பாடு எடுத்துவைக்கச் சொல் என்றார்.

மூன்றேமுக்காலுக்கு வேன் துவரங்குறிச்சியைத் தாண்டியது. ஒச்சப்பன் பெண் வீட்டுக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை சௌகரியமாக வந்து இறங்கினாரா என்று விசாரித்தார். யாரையும் காணோமே என்றார் சம்பந்தி. அவர் குரலே சரியில்லை. வாசலில் நன்றாகத் தேடிப் பார்க்கச் சொன்னார் ஒச்சப்பன்.

அந்த நேரம் மேலிருந்து ஒரு தும்மல் கேட்டது. வேனை நிறுத்தி ஏறிப் பார்த்தால், பூவெல்லாம் பறந்துபோன தட்டோடு வீரணன் உட்கார்ந்திருக்கிறான்.

“போய்ச் சேர வேண்டிய நேரத்துல இங்க என்னடா பண்ற?” என்றார் மொக்கச்சாமி.

வீரணனுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் மேல் ஒரு தப்பும் இல்லை, ஏறியதிலிருந்து அசையக்கூட இல்லை என்றான்.

ரோட்டோரமாக நின்று வெகுநேரம் ஆலோசித்தார்கள். வேன் ஓட்டிய தவமணிதான் காரணத்தைக் கண்டுபிடித்தான். கீழே ஆறு பேர் எட்டு மணி நேரக் கணக்கில் வந்தால், மேலே ஒருவன் மட்டும் எப்படி முந்திப் போவான்? நாம்தான் அவனைப் பிடித்து இழுக்கிறோம் என்றான். எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது. உடனே அத்தனை பேரும் கேரியரில் ஏறினார்கள், தவமணி உட்பட.

மணி நாலு இருபது. போன் அடித்தது. சம்பந்தி போட்ட சத்தம் ஏழு பேருக்கும் கேட்டது. வீரணன் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஒச்சப்பன் நிதானம் தவறவில்லை.

“கோவப்படாதீங்க சம்பந்தி. இப்ப ஒருத்தருகூட ரோட்டுல இல்ல. ஆகாயத்துல ஒண்ணேகால் மணி நேரந்தான, அது எப்பவோ முடிஞ்சிருச்சு. எறங்க வேண்டியதுதான் பாக்கி. வாசல்ல ஒரு ஏணிய மட்டும் கொண்டாந்து வைங்க.”