படகில் போகிற பெண்

ஓக்சுன் கொரியாக்காரி. புருஷனின் வேலைக்காக ஒரகடம் வந்து பன்னிரண்டு வருஷமாயிற்று. இனி இதுதான் ஊர். தன் நாட்டுக் கதைப்பாட்டை இந்த ஜனங்களுக்குக் காட்டியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்தப் பாட்டில் ஒருவர் பாட, ஒருவர் மத்தளம் தட்ட, கேட்பவர்கள் இடையிடையே குரல் கொடுக்க வேண்டும். சபை வாயைத் திறக்காவிட்டால் பாட்டு நொண்டும். அதற்காக ஓக்சுன் என்ன செய்தாள்? எந்த இடத்தில் எந்தக் கொரியச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று தாள் அச்சடித்துக் கொடுத்தாள், புண்ணியவதி! ஊர் மண்டபத்தில் பாடிய முதல் இரண்டு சனிக்கிழமையும் சபை தாளைப் பார்த்தபடி ஊமையாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, பாட்டுக்கு முன், மத்தளம் தட்டும் போரமிடம் புலம்பினாள். போரமும் கொரியாக்காரி, இருபது வருஷம் இளையவள்; ஆனாலும் அவள்தான் குரு.

"இன்றைக்கும் இப்படியே என்றால் பாட்டையே விட்டுவிடுகிறேன், குருவே. வெளிநாட்டுக்காரர்களுக்கு இது ஏறாது."

"இங்கே வெளிநாட்டுக்காரர்கள் நாம்தான், அக்கா."

போரம் எழுந்துபோய் எல்லார் கையிலிருந்த தாளையும் வாங்கினாள். மடித்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். பிறகு சபையிடம் தமிழில் சொன்னாள்: "ஒரு பெண் படகில் ஏறிப் போகிறாள். கரையில் அம்மா நிற்கிறாள். அவ்வளவுதான் கதை."

ஓக்சுன் பாடினாள். கையிலிருந்த விசிறி படகாகி மெல்ல விலகிப் போயிற்று. முன்வரிசையில் இருந்த மாவுக்கடைப் புஷ்பவல்லிக்குத் தாங்கவில்லை.

"அடிப்பாவி, ஒரு தடவை திரும்பிப் பாரேன்டி!"

ஓக்சுன் திடுக்கிட்டு நின்றாள். மத்தளம் நிற்கவில்லை. பாட்டைத் தொடர வேண்டியதாயிற்று. அப்புறம் யாரால் அடக்க முடியும்? "ஐயோ", "அட தெய்வமே" என்று மண்டபமே சேர்ந்துகொண்டது. ஓக்சுனும் குரலை இறக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ஆற்றாமையோடு கேட்டாள்.

"ஒருத்தர்கூட நம் சொல்லைச் சொல்லவில்லையே, குருவே. இதைக் கொரியப் பாட்டு என்று எந்த வாயால் சொல்வேன்?"

"புஷ்பவல்லி யாரைத் திட்டினாள்?"

"படகில் போகிற பெண்ணை."

"அவள் எந்த ஊர்ப் பெண்?"

"நம் கொரியப் பெண்தான்."

"அப்படியா? புஷ்பவல்லி பெற்ற பெண் என்றல்லவா நினைத்தேன்!"

ஓக்சுன் நேரே மண்டபக்காரரிடம் போய், அடுத்த சனிக்கிழமைக்கும் மண்டபம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.