பாறையில் விழுந்த நிழல்

செம்மூக்கி என்ற தாழைக்கோழி குளத்தோரக் கோரையை மடித்து மடித்துக் கூடு பின்னிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் வசனத்தை முணுமுணுத்தது. "மீனைக் கொடு! இல்லாட்டி முட்டையைக் கொடு!"

அன்று மாலை குளக்கரையில் நிழல் நாடகம். சாயும் வெயிலில் நின்று ஆடினால், எதிரே வெள்ளைப் பாறையில் நிழல் விழும். கதை கட்டியது கீரி. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வாத்துகள்தான் கதையில் திருடர்கள். கூச்சக்காரச் செம்மூக்கிக்குத் திருட்டு வாத்து வேஷம்.

"நொண்டி நட! முதுகைக் கூனு!" என்று ஆட்டம் தொடங்கியதும் கீரி கத்தியது.

செம்மூக்கி நொண்டியது. குளமே சிரித்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. "இந்த வருஷம் ஒரு வாத்தும் இங்கே இறங்கக் கூடாது!" என்று தவளைகள் எறிவதற்குச் சேற்றை உருட்டி வைத்துக்கொண்டன.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் புதுக் குரல் கேட்டது. "பாவம், யாரும்மா அந்தத் திருடி? எந்த ஊரு?"

எல்லாம் திரும்பின. தலையில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு ஒரு வரித்தலை வாத்து நின்றது.

செம்மூக்கி கூனிய முதுகை மெல்ல நிமிர்த்தியது. "அது... நீங்கதான் அக்கா."

"நானா! புல் தின்கிறவளுக்கு மீன் எதுக்கு?" வாத்துக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "மேலே என் கூட்டம் சுத்துது. குஞ்சுகளுக்குச் சிறகு ஓய்ஞ்சுபோச்சு. இறங்க இடம் கேட்டு வரச் சொன்னாங்க."

செம்மூக்கி தலைகுனிந்தபடி கேட்டது. "தெரியாமலே ஆடிட்டேன் அக்கா. நீங்க எப்படிப் பறப்பீங்க? காட்டுவீங்களா?"

வாத்து வெயிலில் நின்று சிறகை விரித்தது.

பாறை முழுக்க நிழல்! பாறைக்கு அப்பாலும் நிழல்!

"மேகமெல்லாம் எனக்குக் கீழே கிடக்கும். பனிமலை வரும். அங்கே மூச்சுக்கே பஞ்சம். சிறகை நிறுத்தினா சாவுதான். ஆனா அந்த உச்சியிலே பொழுது விடியும் பாரு, அப்போ..."

"இன்னும் என்ன பண்றே? வா!" என்று வானத்திலிருந்து கூட்டம் அழைத்தது. சொன்னதைப் பாதியில் விட்டு வாத்து மேலே எழும்பியது.

தவளைகளின் கையிலிருந்து சேறு நழுவியது. ஆமை திறந்த வாயை மூடவில்லை. "இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!" என்று குளமே கூவியது.

கீரி மட்டும் மீசையை நீவியது. "அப்போ என்ன நடந்துச்சாம்? சரி, மீதியை நானே கட்டிடறேன்!"

"வேண்டாம் அண்ணே!" செம்மூக்கி முதல் தடவையாகக் குரலை உயர்த்தியது. "அக்கா வரட்டும். கேட்டுட்டு ஆடறேன்."

வானம் மறைய வாத்துகள் இறங்கின. குளம் அண்ணாந்த தலையைத் தாழ்த்தவே இல்லை.

தூர தேசத்திலிருந்து வந்தவர் கதையைத் திரையில் காட்டுமுன், அதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.