மணல் வாளியும் கொலுப் புலியும்

மில்லில் பஞ்சு மூட்டை பற்றி எரிந்தபோது, தீயணைக்கும் வாளிகளில் ஒரு பிடி மணல்கூட இல்லை.

மேனேஜர் சிவசைலம் அப்போதுதான் விசாரணைப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். இரண்டு நாள் சாப்பாடு, ஒரு சர்டிபிகேட். மில்லைப் பெருக்குகிற மாடத்தியை முதலாளியம்மா முன்னால் நிறுத்தினார்.

“அஞ்சு தடவை ‘ஏன்’ கேட்டா குத்தவாளி சிக்கும். சிக்கினா வேலை போச்சு. மணல் ஏன் இல்லை?”

“நான்தான் அள்ளினேன் சார்.”

“ஏன்?”

“ஆபீஸ் கொலுவிலே பார்க் கட்ட.”

“பார்க் ஏன்?”

“பொம்மைப் புலி நிக்க.”

“புலி ஏன்?”

“முதலாளியம்மா மெச்சணும்னு நீங்கதானே வாங்கிட்டு வந்து, மணலையும் அள்ளச் சொன்னீங்க.”

மேனேஜர் நோட்டை மூடினார். “நாலே போதும்.”

“அஞ்சுன்னீங்களே சார்.”

ஐந்தாவது ‘ஏன்’ முதலாளியம்மா சிவசைலத்திடம் கேட்டது. கொலு மணலை அவரையே வாளிகளில் திரும்பக் கொட்டச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் வாளிகள் நிறைந்தன. மணல் சுமந்தவர் மேனேஜர். சுமக்க வைத்தவள் மாடத்தி.